கட்டை

முதலில் அவரிடம் இருந்தது ஒரு கட்டைதான்.
வேலமரத்தில் ஆப்பு மாதிரி செதுக்கியது,
ஒரு முனையில் கயிறு கோத்தது.
கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும்
பதினோரு வயது மருதாசலம்
லாரிக்குப் பின்னால் இறங்கி ஓடுவார்.
வண்டி மூச்சுமுட்டி நிற்கிற இடத்தில்
பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை.
மறுபடி உறுமினால் உருவிக்கொண்டு ஓட்டம்.
கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கு.
சம்பளம்: இரண்டு வேளைச் சோறு,
பர்லியாரில் ஒரு டீ.

இதை அப்புச்சி சொல்லி நான் கேட்டதில்லை.
டிரைவர் பெள்ளியின் மகன் சொன்னார்,
கருமாதிப் பந்தியில்,
வடையைப் பிட்டபடி.

அப்புச்சி சொன்னதெல்லாம் விலைதான்.
ரிவெட் கிலோ என்ன, லைனிங் செட் என்ன,
எழுபத்து நாலில் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே
தகரக் கொட்டகைக்குக் கொடுத்த அட்வான்ஸ் என்ன.
என் பிறந்தநாள் அவருக்குத் தெரியாது.
நான் பிறந்த அன்றைக்கு டீசல் விலை தெரியும்.
அதிலிருந்து பின்னோக்கி எண்ணி
வயதைச் சொல்லிவிடுவார்,
ஒருமுறையும் தப்பியதில்லை.

மலையில் எல்லோரும்
எதையாவது ஓடவிட்டுச் சம்பாதித்தார்கள்.
இவர் நிறுத்திச் சம்பாதித்தார்.

மேல் குன்னூரில் பெட்போர்டு என்றொரு இடம் உண்டு,
ரோஜாத் தோட்டம், பங்களாக்கள்.
அப்புச்சிக்குப் பெட்போர்டு என்றால் லாரி.
அங்கே வீடு வாங்கலாம் என்று அம்மா சொன்னபோது
"எந்த மாடல்?" என்றார்.

சோற்றில் கைவைத்தவர் திடீரென்று நிமிர்ந்து
காற்றை முகர்வார்.
எங்களுக்குப் பனியும் ரசமும் மட்டும் மணக்கும்.
"லைனிங் கரியுது. தேயிலை லோடு.
நியூட்ரல்ல இறங்கறான், திருட்டுப்பய."
தட்டை மூடிவிட்டுக் கைகழுவுவார்.
பத்து நிமிடத்தில் புகையோடு வண்டி வந்து நிற்கும்.
முதலில் வசவு. பிறகு வேலை. பிறகு பில்.
வசவுக்கு மட்டும் தள்ளுபடி கிடையாது.

தங்கமான மனுஷன் என்றார்கள் பந்தியில்.
முழுத் தங்கம் இல்லை.
எதிர்க்கடை வர்கீஸுக்குச் சரக்கு போகாதபடி
கோயம்புத்தூர் ஏஜெண்டிடம் மொத்தமும் வாங்கி
ஒரு மழைக்காலம் முழுக்கப் பூட்டிவைத்தார்.
வர்கீஸ் கடை மூடினார்.
அவர் மகள் கல்யாணத்துக்கு
முதல் ஆளாய்ப் போனார் அப்புச்சி, அரைப்பவுன் மோதிரத்தோடு.
அந்த மோதிரம் இன்னும்
எங்கள் வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறது.

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து
பீடியா, சிகரெட்டா என்று கேட்டார் டாக்டர்.
"நாப்பது வருசம் பிரேக் குடிச்சனுங்க" என்றார்.
வெளியே வந்து எங்களிடம்,
"இந்தக் கட்டை இன்னும் ரெண்டு மழை தாங்கும்."
ஒன்றுதான் தாங்கியது.

கடைப் பேரேட்டை நான்தான் பிரித்தேன்.
முதல் பக்கம், முதல் வரி, வரவு இல்லை, பற்று:
கட்டை, ரூபாய் பதினைந்து.
அதற்கடுத்த மாதமும் கட்டை.
அறுபது, இருநூறு, இரண்டாயிரம்
என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது,
அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் வரை.
ஆள் பெயர் இல்லை. ரசீது இல்லை.

பெள்ளியின் மகனிடம் கேட்டேன்.
வடையை இலையில் வைத்துவிட்டார்.
"ஒம்பதாவது வளைவு. எங்கப்பன் வண்டிக்குள்ள.
கட்டை நழுவுச்சா, கயிறு அத்துப்போச்சா,
யாரு கண்டா கண்ணு. நல்ல மழை.
உங்க அப்புச்சிக்குப் பன்னண்டு வயசு.
யாரும் அவரை ஒண்ணும் சொல்லல."
பிறகு மோர் கேட்டார்.

வீட்டைக் காலிசெய்த அன்று
சமையலறைக் கதவடியில் அது இருந்தது.
காற்றில் கதவு அடிக்காமல் இருக்க
எப்போதும் அங்கே கிடக்கும் ஆப்பு.
சின்ன வயதில் எத்தனை முறை
காலில் இடித்துக்கொண்டு அதைத் திட்டியிருக்கிறேன்.
ஒரு முனையில் ஓட்டை. கயிறு இல்லை.
அதுதானா இது என்று கேட்க ஆளில்லை.

சாமான் ஏற்றிய லாரி சரிவில் நின்றது.
பின்சக்கரத்தடியில் வைத்தேன்.
"ஏர் பிரேக்குங்கக்கா, தேவையில்ல" என்றான் டிரைவர் பையன்.

இருக்கட்டும் என்றேன்.